தங்கி நிற்பவரா, வந்து போகிறவரா?

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்கிறது இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். கொழும்பில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கடமை, திருகோணமலை உப்புவெளியில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணை தேடுவதாக வந்தது. தாதி தேவையில்லை; ஊசி, மருந்து என்று எதுவும் இல்லை. பேச்சுத்துணையும் கைவேலையும்தான்.

தங்கி நிற்பவரின் பெரிய நன்மை இரவு. இரண்டு மணிக்கு அம்மா கழிப்பறைக்கு எழும்பினால் லைட் போட ஒரு கை இருக்கும். ஆனால் அவருக்கும் அறை, மூன்று நேரச் சாப்பாடு, ஊர் போக லீவு எல்லாம் வேண்டும். லீவு நாளில் யார் நிற்பது என்று முதலிலேயே பேசாவிட்டால் வில்லங்கம்.

வந்து போகிறவர் காலையில் வந்து பின்னேரம் போய்விடுவார். செலவு குறைவு. அம்மாவுக்குப் பிடித்ததும் இதுதான். இருவரும் விறாந்தையில் இருந்து முருங்கை இலை உருவுவார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்துப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவார்கள். குசினி இன்னும் அம்மாவின் ஆட்சியில்தான் (உப்பு மட்டும் கொஞ்சம் கூடிவிடும்).

இரவில் தடுமாற்றமோ மறதியோ இருந்தால் தங்குபவர்தான் சரி. அம்மா இன்னும் நன்றாக நடமாடுகிறார். அதனால் பகல் ஆளை வைத்து, ஒரு திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறோம்.