மாய் கேரியா மாவாஷி கேரியா: நிக்கிற காலைப் பாருங்க

எந்த கிக் பவர்னு கராத்தே பசங்க கிட்ட கேட்டா யோசிக்காம, பக்கவாட்டுல சுத்தி வர்ற மாவாஷின்னுதான் சொல்வாங்க, பேட்ல விழும்போது வர்ற அந்த பட்டார் சத்தம் அப்படி. ஆனா சத்தத்த வச்சு கணக்கு போட முடியாது. 1979ல ஃபெல்ட், மக்நேர், வில்க்னு மூணு பேர் கராத்தே அடிகளோட உச்ச வேகத்த போட்டிருந்தாங்க. நேரா முன்னாடி போற மாய் கேரி நொடிக்கு 9.9ல இருந்து 14.4 மீட்டர், மாவாஷி 9.5ல இருந்து 11. ஆளுக்கு ஆள் மாறும்தான், ஆனா நேரா போற கிக் ஸ்லோன்னு சொல்றவங்க வாய அடைக்க இது போதும்.

ரெண்டுக்கும் எஞ்சின் ஒண்ணுதான். முட்டிய மடக்கி தொடைய தூக்குறோம், மடக்கின கால் இடுப்புக்கு பக்கத்துல இருக்கறதால சுலபமா வேகம் எடுக்குது, அப்புறம் தொடை பிரேக் போட்ட மாதிரி தயங்கும்போது கீழ்க்கால் சட்டுனு விரியுது. கால நீட்டியே வீசுறவங்க ரெண்டுலயும் ஸ்லோதான், அதுல விவாதமே இல்ல.

வித்தியாசம் நிக்கிற கால்லதான் இருக்கு, கிளாஸ்ல இத யாரும் சரியா பாக்குறதில்ல. மாய் கேரில குதிகால் தரையில ஒட்டியே இருக்கணும், ஏன்னா அடி பட்டதும் எதிராளி உடம்பு நம்மள நேரா பின்னாடி தள்ளும், அந்த தள்ளல அப்படியே தரைக்கு இறக்குறது இந்த கால்தான். குதிகால் எழும்புச்சுன்னா நம்ம கிக் நம்மளையே தள்ளிடும். மாவாஷில நிலைமையே வேற, இடுப்பு முழுசா திரும்பணும், அதுக்கு நிக்கிற பாதம் சுத்தி குதிகால் கிட்டத்தட்ட எதிராளிய பாக்குற அளவுக்கு வரணும். பாதம் சுத்தலேன்னா இடுப்போட முறுக்கு எங்க போகும்? முட்டிக்குதான். முட்டி மடங்கி நீளுற மூட்டு, நிக்கிற கால்ல அது கிட்டத்தட்ட நேரா இருக்கும்போது திருகுறதுக்கு இடமே கிடையாது, ஜவ்வு கிழியறது இப்படித்தான். ரப்பர் மேட்ல வேர்த்த வெறும் பாதம் ஒட்டிக்கும், அதனால புதுசா வர்றவங்கள முதல்ல மெதுவா, பாதத்த சுத்திட்டு அப்புறம் கால விடுன்னு பழக்கணும். மாவாஷி மிஸ் ஆனா இன்னொரு தொல்லை, சுத்தின வேகம் நிக்காம நம்ம முதுகையே எதிராளிக்கு காட்டிடும். மாய் கேரி மிஸ் ஆனா முன்னாடி காலடி வச்சு சமாளிச்சிடலாம்.

எதால அடிக்கிறோம்ங்கறதுல மாய் கேரி கொஞ்சம் கஷ்டம். விரல மேல மடக்கி அதுக்கு கீழ இருக்கற தடிச்ச பகுதியால குத்தணும், இடம் சின்னதுங்கறதால அழுத்தம் ஜாஸ்தி, ஆனா விரல் மடங்காம எதிராளி முழங்கைல பட்டா அவ்வளவுதான், ஒரு வாரம் செருப்பு போட முடியாது. மாவாஷிய போட்டில புறங்காலாலயே தட்டிடலாம், முழு பலத்தோட அடிச்சு சண்ட போடற கராத்தே பிரிவான கியோகுஷின்காரங்க முழங்காலுக்கு கீழ இருக்கற எலும்பாலயே தொடைல போடுவாங்க. வளைவுன்னு பாத்தா மாய் கேரிக்கு தொடை பின்பக்க தசை நீளணும், மாவாஷிக்கு உள்தொடை தசையும் இடுப்பு மூட்டோட அமைப்பும் ஒத்துழைக்கணும். எலும்பு அமைப்ப ஸ்ட்ரெச் பண்ணி மாத்த முடியாது, இத சொன்னா நெறைய மாஸ்டருங்களுக்கு கோவம் வரும்.

அப்ப போட்டில ஏன் எல்லாரும் மாவாஷி? உலக கராத்தே சம்மேளனமான டபிள்யூ.கே.எஃப் ரூல்ல தலைக்கு போற கிக்குக்கு 3 பாயிண்ட், உடம்புக்கு 2, குத்துக்கு 1. தலைக்கு லேசா தொட்டு நிறுத்தணும், பக்கவாட்டுல வர்ற புறங்கால நிறுத்துறது மாய் கேரிய மூஞ்சிக்கு முன்னாடி நிறுத்துறத விட ஈசி. அதுக்காக மாவாஷி பாவம் அப்பாவின்னு நெனச்சுக்க வேணாம், பக்கவாட்டுல வந்தாலும் தலை தலைதான். டோக்கியோ ஒலிம்பிக்ல 75 கிலோவுக்கு மேல உள்ள ஆண்கள் பைனல்ல சவுதியோட தாரெக் ஹமேதி 4-1னு முன்னாடி இருந்தாரு, தலை உயரத்துக்கு விட்ட ஒரு கிக்ல ஈரானோட சஜ்ஜாத் கஞ்ச்சாதே சுருண்டு விழ, ஹமேதிய தகுதிநீக்கம் பண்ணி தங்கத்த கஞ்ச்சாதேவுக்கே குடுத்தாங்க. கன்ட்ரோல் ரூல் இல்லாத எடத்துல மாய் கேரி என்ன பண்ணும்னு பாக்கணுமா, 2011ல டொரண்டோல நடந்த யுஎஃப்சி கலப்பு சண்டைல, ஷோட்டோகான் கராத்தே பிரிவுக்காரர் லியோட்டோ மச்சிடா குதிச்சு விட்ட மாய் கேரிக்கு ராண்டி கொட்டூர் என்ன ஆனாருன்னு தேடிப் பாருங்க.

என் கணக்குல நாப்பது வயசுல ஆரம்பிக்கிறவங்க, முட்டி வலி உள்ளவங்க மாய் கேரிலயே முக்கால்வாசி நேரம் போடலாம், நஷ்டம் ஒண்ணும் இல்ல. போட்டிக்கு போற பசங்க மாவாஷிய விடவே முடியாது, ஆனா முதல் ஒரு மாசம் பேட் கூட வேணாம், சுவத்த புடிச்சுக்கிட்டு நிக்கிற பாதத்த மட்டும் சுத்திப் பழகட்டும்.