வாளையாறு தாண்டி லாரி மோதினால்: 164-ஆ 166-ஆ, கோவையா பாலக்காடா?

கஞ்சிக்கோடு பக்கம், 544-ஆம் எண் நெடுஞ்சாலை. பைக்கில் போன 35 வயதுக்காரர் லாரி மோதி இறந்துவிடுகிறார். ஊர் பொள்ளாச்சி, மாத வருமானம் 15,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தவர்கள். காரியம் முடிவதற்குள் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து ஆள் வந்து, "அலைச்சலே வேண்டாம், சீக்கிரம் 5 லட்சம் வாங்கித் தர்றோம்" என்பார். அந்த 5 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் தப்பு யார்மேல் என்று பார்ப்பதில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். வயது, சம்பளம், பிள்ளைகள் எண்ணிக்கை எதுவும் கணக்கில் வராது. 166-இல் லாரி ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அதற்கு ஈடாக உண்மையான இழப்பு முழுவதையும் கேட்கலாம்.

மேலே சொன்ன குடும்பத்துக்கே கணக்குப் போடுவோம். ஆண்டு வருமானம் 1,80,000. உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017), 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு எதிர்கால வளர்ச்சி 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. சார்ந்தோர் நால்வர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,89,000. இந்த ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதே பெருக்கெண்; அதே நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பு (2009) தந்த அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்கு அது 16. ஆக 30,24,000. உறவிழப்புக்கு ஆளுக்கு 40,000, ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 15,000 என்று 2017-இல் வைத்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். இரண்டு ஏற்றம் சேர்த்தால் மொத்தம் 32,53,900. எதிரே 5 லட்சம். 164-இன் கீழ் சமரசமாகப் பணத்தை ஏற்றுக்கொண்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருக்கும் 166 மனு அத்தோடு காலாவதியாகிவிடும். "இப்போதைக்கு இதை வாங்கிப்போம், பிறகு வழக்குப் போடலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

அதற்காக 164 வீண் என்று சொல்ல வரவில்லை. ரோட்டோரம் நிறுத்திய லாரியின் பின்னால் பைக் போய் இடித்து, எஃப்.ஐ.ஆர். பைக் ஓட்டியவர் மேலேயே பதிவாகியிருந்தால் 166-இல் கையில் ஒன்றும் நிற்காமல் போகலாம். அங்கே 164 கைகொடுக்கும். ஆனால் அதை முடிவு செய்யுமுன் மகஜரை, அதாவது விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவைப் படியுங்கள். பார்க்கிங் விளக்கு எரிந்ததா, பின்பக்கம் ஒளிரும் பட்டை ஒட்டியிருந்ததா, டயர் தார் ரோட்டின் மேலா மண்ணிலா, விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர்? இந்த நான்கில் இரண்டு லாரிக்கு எதிராக இருந்தாலே ஆட்டம் மாறிவிடும். தப்பைப் பங்குபோட்டாலும் கிடைப்பது 5 லட்சத்தைத் தாண்டலாம். மகஜரில் அந்த விவரம் இல்லையென்றால், வண்டியை ஸ்டேஷனிலிருந்து விடுவதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது எங்கே போடுவது என்ற கேள்வி. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எதையும் சட்டம் அனுமதிக்கிறது. பாலக்காட்டில் போட்டால் புலனாய்வு அதிகாரியும் டாக்டரும் சாட்சிக்கு வருவது எளிது, மலையாள எஃப்.ஐ.ஆரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கூலிக்காரரின் வருமானத்துக்குச் சான்று இல்லாதபோது, 2004-க்கு மாதம் 4,500 என்று உச்ச நீதிமன்றம் ராமச்சந்திரப்பா தீர்ப்பில் (2011) வைத்ததை ஆண்டுக்கு 500 வீதம் ஏற்றிக் கணக்கிடும் வழக்கமும் கேரளத்தில் உண்டு. அப்பீல் என்று வந்தால் எர்ணாகுளம். கோவையில் போட்டால் அப்பீல் சென்னை. வாய்தாவுக்கு வாய்தா எல்லை தாண்ட வேண்டாம், வருமானத்துக்குச் சாட்சி சொல்லும் முதலாளியும் பக்கத்திலேயே இருப்பார். சம்பளச் சான்று கையில் இருக்கும் குடும்பத்துக்குக் கோவை; காயம்பட்டவர் பாலக்காட்டிலேயே மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்திருந்தால் பாலக்காடு. எங்கள் கணிப்பு இதுதான்.

கோவை என்று முடிவானால் எஃப்.ஐ.ஆர்., மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை முதலில் வாங்கி மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே பாலக்காட்டில் இன்னொரு வழக்காக அது ஓடிவிடாமல் இருக்க, கோவையில் மனுப் போட்டவுடன் அதன் எண்ணைப் புலனாய்வு அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மனைவி கோவையிலும் தாய் பாலக்காட்டிலும் தனித்தனியாகப் போட்டால், முதலில் போட்ட இடத்துக்கே இரண்டும் போகும். 2022 ஏப்ரல் 1 முதல், மனுப் போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

லாரி நாகாலாந்துப் பதிவு, ஓனர் நாமக்கல், பாலிசி வேறு ஊர் கிளை என்பதெல்லாம் இந்த ரோட்டில் சகஜம். ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), லைசென்ஸ், பாலிசி ஐந்தையும் விபத்துத் தேதியோடு ஒப்பிடுங்கள். லைசென்ஸோ பெர்மிட்டோ இல்லையென்றால் வெளியாளுக்குப் பணம் கிடைக்காது என்று மிரட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படிதான் உத்தரவாகும். கேபினில் இருந்தவர்கள் கதை வேறு. தன் தக்காளியோடு ஏறிய வியாபாரிக்குப் பாலிசியில் இடமுண்டு. லிஃப்ட் கேட்டு ஏறியவருக்குக் கிடையாது. ஆகவே சரக்கு யாருடையது என்பதைக் காட்டும் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். தன் தவறாலேயே கவிழ்த்த டிரைவருக்கு 166 இல்லை, தொழிலாளர் இழப்பீட்டு வழிதான்.

கடைசியாக மக்கள் நீதிமன்றம். சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே ஒப்புக்கொண்டதற்கு அப்பீல் கிடையாது. 32.5 லட்சத்துக்கு 7.5 சதவீத வட்டி போட்டால் ஆண்டுக்கு 2.44 லட்சம். மூன்றாண்டு ஓடிய வழக்கில் "22 லட்சம், எல்லாம் சேர்த்து" என்றால், வட்டி 7 லட்சத்துக்கு மேல் போவதோடு அசலிலும் 10 லட்சம் விட்டுக்கொடுக்கிறோம். சொல்லும் தொகை வட்டியோடா, வட்டி நீங்கலாகவா என்பதைக் கையெழுத்துக்கு முன் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.