பத்து வருஷம் தள்ளிப் படித்த மாதொருபாகன்

புத்தகம்: மாதொருபாகன் (நாவல்). எழுதியவர் பெருமாள்முருகன். காலச்சுவடு பதிப்பகம், முதல் பதிப்பு 2010. என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திருச்செங்கோடு. போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். 2015 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை, இந்தப் புத்தகத்தைக் கண்டித்து ஊரில் கடையடைப்பு நடந்தது. அன்றைக்கு என் கடை ஷட்டரையும் இறக்கினேன். யாரும் மிரட்டவில்லை, நானாகத்தான் இறக்கினேன். அதுவரைக்கும் புத்தகத்தின் அட்டையைக்கூட நான் பார்த்தது கிடையாது.

நான் பார்த்தது ஜெராக்ஸ் தாள்கள். 2014 டிசம்பர் கடைசியில் ஊரில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அந்த வாரத்தில்தான் நாலு பேர் கடைக்கு வந்து தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சில வரிகளுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. கிரீஸ் கையோடு வாங்கியதால் ஓரமெல்லாம் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. மேல் தாள் ஒரு வாக்கியத்தின் பாதியில் தொடங்கியது. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கோடு போட்டிருந்த வரிகளில் இருந்த விஷயம் இது. வைகாசித் தேர் நோம்பி, அதாவது தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள், கீழே இறங்கி வந்த சாமி திரும்ப மலையேறும் இரவு. பிள்ளை இல்லாத பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் போவார்கள். அன்றைக்கு எதிரே வரும் ஆண் எல்லாரும் சாமி. அப்படிப் பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை.

இந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று சொன்னால்தான் இந்த விமர்சனம் புரியும். எங்களுக்குக் கல்யாணமானது 1989-ல். மகள் பிறந்தது 1998-ல். நடுவில் ஒன்பது வருஷம். போகாத கோயில் இல்லை, தின்னாத மருந்து இல்லை. எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு மாசம் தவறாமல் படியேறினோம், 1200 படிக்கு மேல். மகள் பிறந்ததும் என் அம்மாவில் இருந்து பால்காரர் வரைக்கும் அவளைச் சொன்ன பேர் ‘சாமி கொடுத்த பிள்ளை’. எங்கள் பக்கம் அது சாதாரணமாகச் சொல்கிற சொல், அன்பாகச் சொல்வது. அந்தச் சொல்லை அந்தத் தாளில் அந்த அர்த்தத்தில் படித்தபோது, என் மனைவியையும் மகளையும் யாரோ நடுத்தெருவில் நிறுத்திப் பேசியது போல இருந்தது. மகளுக்கு அப்போது பதினாறு வயசு. தாளை மடித்து பில் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

பக்தர்களுக்குக் கோபமே வரவில்லை, எல்லாம் கிளப்பிவிட்டது என்று அப்போது சென்னையில் இருந்து எழுதினார்கள். கிளப்பிவிட்டவர்கள் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் என் நெஞ்சில் எரிந்தது என்னுடையது. அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை.

அதற்கு அப்புறம் நடந்தது பேப்பரில் வந்ததுதான். ஜனவரி 12-ந் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீசில் சமாதானக் கூட்டம், எழுத்தாளர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளோ என்னமோ, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தானே முகநூலில் அறிவித்தார். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், அப்போது நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் வாத்தியாராக இருந்தார். செய்தியைப் படித்துவிட்டு, சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன். சந்தோஷம் இல்லை, வருத்தமும் இல்லை. 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமாதானப் பேச்சு அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் திரும்ப எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோதும் புத்தகத்தை வாங்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு மகள் பெங்களூரில் இருந்து வந்தவள் பையில் இருந்து இதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “படிச்சிருக்கீங்களாப்பா?” என்றாள். இல்லை என்றேன். “நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன். நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான். அவள் ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்தேன்.

புத்தகத்தைப் பற்றி: பெரிய புத்தகமில்லை, மூன்று ராத்திரியில் முடிந்துவிட்டது. எழுத்து கண்ணை உறுத்தாத அளவு. பேச்செல்லாம் எங்கள் கொங்குப் பேச்சு. தொண்டுப்பட்டி, மொடா, கொழுந்தியா, பண்ணயம் என்று எங்கள் வீட்டுக் கட்டுத்தரையில் கேட்கிற மாதிரியே இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு முதல் இருபது பக்கம் கொஞ்சம் திணறும். விடாமல் படியுங்கள், பழகிவிடும்.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. காளி, பொன்னா என்று ஒரு குடியானவப் புருஷன் பொண்டாட்டி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. மாமனார் வீட்டு வாசலில் காளி கொண்டுவந்து நட்ட பூவரசங்கன்று பெரிய மரமாகிப் பூத்து நிற்கிறது. அதற்கு அடியில் அவன் கட்டில் போட்டுப் படுத்துக் கிடப்பதில் இருந்துதான் புத்தகம் ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டுப் பின்னால் அந்த ஒன்பது வருஷத்தில் நான் வைத்த தென்னை நாலு காய்ப்புக்கு வந்துவிட்டது. முதல் குலை வெட்டிய அன்று என் மனைவி காயைத் தொடவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறார்கள். ஊர்தான் விடுவதில்லை. விதைப்பில் பொன்னா கைவைத்தால் விளையுமா என்று கேட்கிற வாய், சொத்து யாருக்குப் போகும் என்று கணக்குப் போடுகிற பங்காளிகள், காளிக்கு இரண்டாவது கட்டி வைக்கலாம் என்கிற பேச்சு. ஒவ்வொன்றையும் நான் கேட்டிருக்கிறேன். ஒரு சீரில் என் மனைவி கையில் இருந்த ஆரத்தித் தட்டை ஒரு அம்மா சிரித்துக்கொண்டே வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்தார். அதை நாங்கள் இருவரும் இன்று வரைக்கும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அப்புறம் வறடிக்கல் வருகிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் மலை உச்சியில் இருக்கிற ஒரு பாறை அது. பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் அதைச் சுற்றி வருவார்கள். ஒரு பக்கம் அப்படியே பள்ளம். பொன்னா அதைச் சுற்றும் இடத்தை நான் தனியாகப் படிக்க முடியாமல், சமையல்கட்டில் இருந்த மனைவிக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டு வாசித்தேன். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முடித்ததும் தன் இரண்டு உள்ளங்காலையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டாள். “ஏனுங்க, அந்த எடத்துல காலு கூசும். கீழ பார்க்கக் கூடாதுன்னு நெனச்சாலும் கண்ணு அங்கதான் போவும்” என்றாள். 1995-ல் அவள் அந்தக் கல்லைச் சுற்றியபோது நான் இந்தப் பக்கம் கைகூப்பி நின்றிருந்தேன். அவளுக்குக் கால் கூசியதை முப்பது வருஷம் கழித்து இந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெராக்ஸ் தாளில் இருந்த வரிகள் நடுப்பகுதியில் வருகின்றன. தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வரிகள் மனப்பாடம். காளியின் அம்மா சீராயி, வயசான காலத்தில் மகனிடம் சொல்லக் கூசி, சுற்றி வளைத்து, பழைய சாபக்கதை எல்லாம் சொல்லி, கடைசியில் அந்தப் பதினாலாம் நாள் பேச்சுக்கு வருகிறாள். புருஷனைச் சின்ன வயசில் பறிகொடுத்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். மகன் குடும்பம் அற்றுப் போகக் கூடாது என்கிற தவிப்பு தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. கேட்ட காளிக்கு நெஞ்சு வேகிறது. என் கையில் கொடுத்த தாளில் சீராயியின் தவிப்பு இல்லை, காளியின் வேகாடும் இல்லை. நடுவில் இருந்த வரிகள் மட்டும் இருந்தன. 2015-ல் எனக்கு வந்த அதே கோபம் அந்தக் காளிக்கும் வருகிறது. என் பக்கம் நின்று பேசுகிற ஆள் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தான். அவனைச் சேர்த்துத்தான் கொளுத்தியிருக்கிறார்கள்.

அந்த இரவுக்கும் போகிறேன், ஆனால் முடிவைச் சொல்லப் போவதில்லை. திருவிழாக் கூட்டத்தில் பொன்னா எந்த நினைப்போடு நிற்கிறாள் என்பதை அவர் கொச்சையாக எழுதவில்லை. அவள் தேடுவது சாமியின் முகத்தை. நம்பிக்கை இல்லாத ஒருத்தர் கேலி செய்ய எழுதினால் அந்தப் பெண் மனசுக்குள் இவ்வளவு பக்தியை வைத்திருக்க மாட்டார். இதை ஒரு பக்தனாகச் சொல்கிறேன்.

படித்து முடித்த வாரம் மலைக்குப் போனேன். படி வழியாகத்தான். பெரிய நாகர்மேல் யாரோ புதிதாகக் குங்குமம் கொட்டியிருந்தார்கள். உள்ளே சாமிமுன் நின்றேன். வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. சின்ன வயசில் இருந்து பார்க்கிற உருவம். பொண்டாட்டிக்கு உடம்பில் பாதியைக் கொடுத்த சாமி. ஊரே சொல்லியும் இன்னொருத்தியைக் கட்ட மாட்டேன் என்று நின்ற காளி ஞாபகத்துக்கு வந்தான். இந்தப் பெயரை ஏன் புத்தகத்துக்கு வைத்தார் என்று அங்கே நின்றபோதுதான் விளங்கிற்று. தேவ தீர்த்தம் வாங்கிக் குடித்தேன், எப்போதும்போல ஜில்லென்று இருந்தது. என் நம்பிக்கையில் ஒரு குன்றிமணி குறையவில்லை.

சரி, ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன்? ஊர்ப் பெயருக்காக. கதை என்றாலும், இன்றைக்கும் தேர் ஓடுகிற ஊர், இன்றைக்கும் பெண்கள் வரம் கேட்டு வருகிற மலை. பெயரை மாற்றி எழுதியிருந்தால் என் மாதிரி ஆட்களுக்கு அந்த முள் குத்தியிருக்காது. பிரச்சினை வந்தபோது அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிடுவதாக அவரும் சொன்னார். அப்போதே அதை ஏற்றுக்கொண்டு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாதவர்களில் நானும் ஒருவன். என் மனைவி இந்தக் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. “வேற ஊரு பேரு போட்டிருந்தா நான் சுத்துன கல்லு அதுல இருந்திருக்காது” என்கிறாள். மகளிடம் போனில் சொன்னபோது அவளும் அம்மா பக்கம்தான். எனக்கு இன்னும் மனசு முழுசாக ஒத்துவரவில்லை, அதனால் நான்கு.

வாங்க நினைப்பவர்களுக்கு: பெரியவர்கள் படிக்கிற புத்தகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கோயில் வரலாறு தெரிந்துகொள்ள வாங்காதீர்கள், அதற்குத் தலபுராணம் இருக்கிறது. வீட்டில் பிள்ளை இல்லாத ஒரு ஜோடி இருந்தால், அவர்களைச் சுற்றி இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அந்த ஜோடிக்கு நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். படிக்கக் கனமாக இருக்கும்.

சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஜெராக்ஸ் இன்னும் கடையில்தான் இருந்தது, பழைய பில் புத்தகக் கட்டோடு. எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். பத்து வருஷமாக மறைத்து வைத்ததற்குக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோடு போட்ட வரிகளைப் படித்தாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கா கடையைச் சாத்துனீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை, புத்தகத்தில் அந்தப் பக்கம் வருகிற இடத்தில் தாளை மடித்து வைத்தாள்.

இந்தக் கதை விட்ட இடத்தில் இருந்து அவரே ஆலவாயன், அர்த்தநாரி என்று இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறார். காளிக்கு என்ன ஆனது என்பதை இரண்டு விதமாக இரண்டில் கொண்டுபோகிறாராம். இரண்டையும் ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை முதலில் தான்தான் படிப்பேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.