தஞ்சாவூர் போகிறவர்களே, ‘ராஜராஜன் காசு’ வாங்காதீர்கள்

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் போய் 4,300 ரூபாய் ஏமாந்து வந்திருக்கிறேன். 800 ரூபாய் வழிகாட்டிக்கு, 3,500 இரண்டு செப்புக் காசுக்கு.

பெரிய கோயில் வாசலிலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அவர் அடித்துச் சொன்னபோது மணி மூன்றரை. கால் சுட்டதால் நாங்கள் ஐந்து பேரும் சண்டிகேஸ்வரர் சன்னதிப் பக்கம் அந்த விமானத்தின் நிழலில்தான் ஒதுங்கி நின்றோம். அவரும்தான்! நாயக்கர் காலத்து நந்தியையும் ராஜராஜன் கணக்கிலேயே எழுதினார். சரி, கதைக்குக் காசு கொடுத்தோம் என்று விட்டுவிடலாம்.

கல்வெட்டுப் பக்கம் மட்டும் நிற்கவே விடவில்லை. “பழைய எழுத்து சார், யாருக்கும் படிக்க வராது” என்றார். ஒன்பதாவது படிக்கிற என் மகள் அதற்குள் ஓரிடத்தில் ‘குடுத்த’ என்று எழுத்துக்கூட்டிவிட்டாள். ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்’ என்று ராஜராஜன் வெட்டச் சொன்ன கோயில் அது; ஆயிரம் வருஷத்து எழுத்து பிள்ளைக்குப் பிடிபடுகிறது. “வாங்க வாங்க, நேரமாச்சு” என்று இழுத்துக்கொண்டு போனார். என்ன அவசரம் என்பது வெளியே டீக்கடையில்தான் புரிந்தது.

அங்கே ஒருவர் கைக்குட்டை முடிச்சோடு காத்திருந்தார். வயல் உழும்போது கிடைத்ததாம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது, மேலே பச்சைக் களிம்பு வேறு. 6,000 சொன்னார். நான் பேரம் பேசி 3,500-க்கு முடித்தேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

இரவு விடுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிற்கும் உருவத்தின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. இரண்டு காசிலும் அதே இடம், அதே நீளம். விளிம்பைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்த கோடு. காசு சேர்க்கும் நண்பருக்குப் படம் அனுப்பினேன். சோழர் காசு ஒவ்வொன்றாக அச்சில் வைத்து அடித்தது, அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று அச்சு அசலாக இருக்காது, இது ஒரே வார்ப்பில் ஊற்றியது என்று உடனே சொல்லிவிட்டார்.

அசலாகவே இருந்திருந்தாலும் வம்புதான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது. வயலில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டாயிற்று. பழங்காசைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறையின் அட்டையை முதலில் கேளுங்கள்.

அன்றிரவே வழிகாட்டிக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் காலை மகளும் நானும் மட்டும் கோயிலுக்குத் திரும்பிப் போய், கல்வெட்டு வரிசையோடு மெதுவாக நடந்தோம். காசு இரண்டும் இப்போது கேரம் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்ததில் பச்சை முழுக்கப் போய்விட்டது.