கியர்பாக்ஸ் ஊளையிட்டால் ஸ்கேனரா, ஆயில் பானா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். வண்டி 1,60,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் பிக்கப். வளைவில் திரும்பி மேலேறும்போது ‘ஊய்ய்’ என்று ஊளை. நேர்ச்சாலைக்கு வந்ததும் அடங்கிவிடும். அடுத்த வளைவில் மறுபடி.

முதலில் கியர்பாக்ஸ் ஆயில் அளவைக் காட்டும் குச்சி, டிப்ஸ்டிக். இன்ஜின் சூடாகி, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஆயில் குறைவாக இருந்தது. ரேடியேட்டர் பக்கம் போகும் கூலர் ஹோஸில் கசிவு. ஏற்றத்திலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைந்திருந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், ஊளை வரும். கிளிப்பை மாற்றி, ஆயிலை நிரப்பியதும் வளைவுச் சத்தம் போய்விட்டது. ஆனால் மலைக்குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்தால் வரும் ஊளை மட்டும் போகவில்லை. குழப்பம் அதற்கப்புறம்தான்.

சேலத்தில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் லேப்டாப்பில் ஸ்கேனர் மாட்டினார், வண்டியின் கணினி சொல்வதைப் படிக்கும் கருவி. இன்னொருவர் லாரி கியர்பாக்ஸ் வேலையிலேயே தலை நரைத்தவர். ஆயில் பானை, அதாவது கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். நான் இரண்டையும் செய்தேன், அந்த வரிசையில். இன்று செய்வதாக இருந்தால் வரிசையைத் திருப்பிப் போடுவேன்.

ஸ்கேனருக்கு 800 ரூபாய், அரை மணி நேரம். கியர் ஸ்லிப் ஆகிறதா (பிடிக்காமல் வழுக்குகிறதா), இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகிறதா, ஆயில் எவ்வளவு சூடாகிறது, எந்த சோலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) மக்கர் செய்கிறது என்பதெல்லாம் வண்டி ஓடும்போதே திரையில் தெரியும். கியர் மாறும்போது உதைக்கிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேனருக்குப் போங்கள். பி0741 போல ஒரு கோட் (கோளாறு எண்) வந்தால் கன்வெர்ட்டர் லாக் ஆகும் பக்கம் தேடலாம் என்று வழி கிடைக்கும். என் வண்டியில் ஒரு கோடும் வரவில்லை, எல்லா அளவும் சரியாக இருந்தது. அப்படியிருந்தும் ஸ்கேனர்காரர் சொன்னது: “உள்ளேயிருந்துதான் வருது சார், இறக்கி ஓவர்ஹால் பண்ணிடலாம். ஒண்ணேகால் லட்சம் ஆகும்.”

எனக்கு உறுத்தியது இதுதான். கியர்பாக்ஸுக்குள் சுழல் வேகத்துக்கும் சூட்டுக்கும் சென்சார் இருக்கிறது, சத்தத்துக்கு இல்லை. பம்ப் தேய்ந்தாலும் பேரிங் தேய்ந்தாலும், கியர் ஸ்லிப் ஆகாதவரை கணினிக்கு அது தெரியாது. “கோட் இல்லை” என்றால் “கோளாறு இல்லை” என்று அர்த்தமில்லை. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றும் அர்த்தமில்லை.

பெரியவர் முதலில் காதைத்தான் நம்பினார். பார்க், நியூட்ரல், பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவ், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றிலும் நிறுத்திக் கேட்டார். பம்பைச் சுழற்றுவது டார்க் கன்வெர்ட்டர்தான். அதனால் இன்ஜின் ஓடும்வரை எந்த நிலையிலும் பம்ப் சத்தம் கேட்கும், ஆர்பிஎம் (இன்ஜின் சுழல் வேகம்) ஏற ஏற அதுவும் ஏறும். நியூட்ரலில் அடங்கி, டிரைவில் நிறுத்தி வைத்தால் மட்டும் வந்தால் கன்வெர்ட்டர் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆர்பிஎம்மோடு இல்லாமல் வண்டி வேகத்தோடு கூடிக் குறைந்தால் பின்பக்க பேரிங், டிஃபரன்ஷியல், வீல் பேரிங் என்று தேட வேண்டும். ஐடிலில் ‘டக் டக்’ என்று உலோகம் தட்டினால் இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாராம். என்னுடையது எல்லா நிலையிலும் வந்தது. ஆக, பம்ப் அல்லது பம்புக்கு ஆயில் போகும் வழி.

அப்புறம் பானை இறக்கினார் (சமையல் பானை இல்லை). ஆயில் பழுப்பேறியிருந்தது, கருகல் வாடை இல்லை. நான் பயந்துகொண்டிருந்தது காந்தத்தைப் பார்க்கத்தான். பானுக்குள் இருக்கும் அந்தக் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வயதான வண்டியின் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சிலும்பு இருந்தால் கியரோ பேரிங்கோ போய்விட்டது. புது ஆயில் ஊற்றுவது வீண். பித்தளைத் தூள் மின்னினால் தேய்ந்தது புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்). கருகல் வாடையோடு கறுப்புத் துகள் என்றால் கிளட்ச். ஒன்றேகால் லட்சமா இல்லையா என்பதை முடிவு செய்யும் சாட்சி அந்தத் தட்டில்தான் கிடக்கிறது. எனக்கு வெறும் பசை. பெரியவர் அதை விரலால் வழித்து என் உள்ளங்கையில் தேய்த்து, “குத்துதாங்க?” என்றார். குத்தவில்லை. ஃபில்டர்தான் அடைத்துப் போயிருந்தது. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். அடைத்த ஃபில்டர் வழியாக அதை இழுக்க முடியாமல்தான் பம்ப் கத்தியிருக்கிறது.

ஃபில்டர், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். ஸ்கேனரைவிட அதிகம்தான். ஆனால் ஸ்கேனருக்குக் கொடுத்தது பார்த்ததற்கு மட்டும். இதில் எப்படியும் செய்ய வேண்டிய சர்வீஸும் முடிந்தது. ஒரு தடவை வடித்தால் பழைய ஆயில் முழுக்க வராது, கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். அதனால் 1,000 கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை வடித்து நிரப்பினோம். அந்தச் செலவு தனி. வண்டிக் கையேட்டில் சொன்ன ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மட்டும்தான். “எல்லாத்துக்கும் ஒரே ஆயில்” என்று கடையில் தந்ததை வாங்கவில்லை.

இது ஒரே வண்டியின் கதை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 4x2 (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி), நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டியில் சத்தம் அங்கிருந்தும் வரலாம், அதில் எனக்கு அனுபவமில்லை. டிப்ஸ்டிக்கே இல்லாத கியர்பாக்ஸில் குறிப்பிட்ட சூட்டில்தான் ஆயில் அளவைச் சரிபார்க்க வேண்டும். அங்கே சூட்டைப் பார்க்கவாவது ஸ்கேனர் வேண்டும்.

இப்போதும் ரொம்பக் குளிரான காலையில் அரை நிமிடம் மெல்ல முனகுகிறது. பம்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஓடும்வரை ஓடட்டும் என்கிறார் பெரியவர். அடுத்த தடவை பான் கழற்றும்போது காந்தத்தை நான்தான் முதலில் தடவிப் பார்ப்பேன்.