சப்வூஃபர் வாங்கப் போனால் முதுகைப் பாருங்கள்

அப்பா 1984-ல் பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எங்கள் குரோம்பேட்டை வீட்டில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர்கள் மட்டும் புதுசு, ஐந்து இன்ச் வூஃபர் வைத்த சின்ன ஜோடி. குரலும் வயலினும் அருமையாக இருக்கும். மிருதங்கத்தில்தான் குறை. வலது பக்கமான வலந்தலை தெளிவாகக் கேட்கும், கனத்த ஒலி தரும் இடது பக்கமான தொப்பியை யாரோ பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வாசிப்பது போலிருக்கும். அதற்காகத்தான், பேஸ் என்கிற அடித்தொனியை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் பெட்டி வாங்க, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

முதல் கடையில், "பத்து இன்ச், இருநூறு வாட்ஸ், வீடே ஆடும் சார்" என்றார்கள். மூன்றாவது மாடியில் குடியிருப்பவனிடம் சொல்கிற பேச்சா அது? பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பின்னால் எல்எஃப்இ (ரிசீவரிலிருந்து வரும் பேஸ் சிக்னல்) என்று எழுதி, ஒற்றைப் பின் ஒயர் செருகும் ஆர்சிஏ ஓட்டை ஒன்றே ஒன்று. ஹோம் தியேட்டர் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு அது போதும். என் ஆம்பில் அந்த ஒயரை மாட்ட சப் அவுட்டும் இல்லை, ப்ரீ அவுட்டும் இல்லை. ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகள்தான் உண்டு.

மூன்றாவது கடையில் கிடைத்தது நான் தேடியது. எட்டு இன்ச், 9,800 ரூபாய், முதுகில் சிவப்பும் கறுப்புமாக, ஸ்பீக்கர் ஒயரையே மாட்டக்கூடிய ஹை லெவல் இன்புட். பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

முதல் திட்டு மேனுவலுக்கு. இணைப்பு முறைக்கு ஒரே படம், தபால்தலை அளவில். விஷயம் என்னவோ எளிதுதான். ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயரை சப்வூஃபருக்கு இழுக்க வேண்டும். இடது இடதுக்கு, வலது வலதுக்கு. "ஓம்ஸ் குறைஞ்சு ஆம்ப் எரிஞ்சிடும்டா" என்று மச்சான் போனில் பயமுறுத்தினான். எரியாது. அந்த இன்புட்டின் தடை ஆயிரக்கணக்கான ஓம்ஸ், சிக்னலை எட்டிப் பார்க்கும், கரண்ட்டை இழுக்காது. வூஃபரைத் தள்ளும் சக்தி அதன் சொந்த பிளக்கிலிருந்து வருகிறது. ஆனால் இப்போது வரும் சில கிளாஸ் டி வகை ஆம்ப்களில் கறுப்பு முனையும் உயிரோடு இருக்கும், அதாவது அதிலும் சிக்னல் வரும். அதை கிரவுண்ட் என்று நினைத்து இரண்டு கறுப்பையும் சேர்த்தால் நிஜமாகவே ஆம்ப் போய்விடும்.

போட்டதும் 'ம்ம்ம்' என்று ஹம். எர்த் பின்னை வெட்டிவிடச் சொன்னார் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர். ஷாக் அடிக்காமல் காப்பதே அந்தப் பின்தான், அதில் கைவைக்க மாட்டேன் என்றேன். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது. கேபிள் டிவி பெட்டியிலிருந்து ஆம்புக்கு வந்த ஒயர். கழற்றிவிட்டேன். டிவி சத்தம் டிவியிலேயே வரட்டும்.

அப்புறம் இடம். வாட்ஸ் பற்றிப் பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. மூலையில் வைத்தால் ஒரே சுரம் மட்டும் குமுறியது. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் வைத்து, ஒரு பாட்டை ஓடவிட்டு, நான் தரையில் தவழ்ந்தேன். பேஸ் எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைப்பதுதான் கணக்கு. காசு எதுவும் தொலைந்ததா என்று அம்மா கேட்டாள். கடைசியில் பீரோவுக்குப் பக்கத்தில் இடம் அமைந்தது. எந்த ஹெர்ட்ஸ் வரை சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 120 ஹெர்ட்ஸில் வைத்தால் செய்தி வாசிப்பவர் அண்டாவுக்குள்ளிருந்து பேசினார். 70-க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. ஸ்பீக்கரோடு சேர்ந்து தள்ளுவதா, எதிராகத் தள்ளுவதா என்று மாற்றும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் தட்டிப் பார்த்து, உட்காரும் இடத்தில் பேஸ் கூடுதலாகக் கேட்ட பக்கம் விட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்து ஒரு கச்சேரி முழுக்கக் கேட்டார். "புதுப் பெட்டியை இன்னும் போடலையா?" என்றார். பதில் சொல்லாமல் அதை அணைத்தேன். "தொப்பி எங்கடா போச்சு?" என்றார்.

இன்னொரு திட்டு பாக்கி. ராத்திரி சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் சிக்னல் இல்லையென்று நினைத்துத் தானே அணைக்கும் ஆட்டோ ஸ்டாண்ட்பையால் பெட்டி தூங்கிவிடுகிறது, பாட்டு நடுவில் 'டப்' என்று எழுந்திருக்கிறது. சுவிட்சை நிரந்தரமாக 'ஆன்' பக்கம் வைத்துவிட்டேன். கால்களும் வெறும் பிளாஸ்டிக். பழைய யோகா பாயை நறுக்கி மடித்து அடியில் கொடுத்த பிறகுதான் கீழ்வீட்டு மாமி மேலே ஏறி வருவதை நிறுத்தினார்.