மூர் மார்க்கெட்டில் வாங்கிய இத்தாலிய அகராதி

சென்னை பெரியமேட்டில், இத்தாலிக்குத் தோல் பை ஏற்றுமதி செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும், ஆனால் ஸ்பெக் ஷீட்டில், அதாவது பையின் விவரம் எழுதி அனுப்பும் தாளில், பாகங்களின் பெயரை இத்தாலியத்திலும் போட்டால் அங்கே பட்டறையில் இருப்பவர்களுக்கு வசதி என்று நானாக ஆரம்பித்த வேலை இது. ஒரு பையின் முன்பக்கம் வட்டமான தோல் துண்டு ஒன்று ஒட்ட வேண்டும். போனில் இருந்த இலவச மொழிபெயர்ப்பு ஆப்பில் சர்க்கிள் என்று மட்டும் தட்டினேன். செர்க்கியோ, சிர்க்கோலோ, செர்க்கியா என்று மூன்று சொல் வரிசையாக வந்தது, எது எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. சர்க்கிளுக்கு நெருக்கமாகக் காதில் விழுகிறதே என்று சிர்க்கோலோவை எடுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் அங்கிருந்து கேள்வி வந்தது: எந்த கிளப்புக்காக இந்தப் பை, அதன் சின்னத்தை அனுப்புங்கள் என்று. அதைத் தெளிவுபடுத்தி முடிப்பதற்குள் சாம்பிள் இரண்டு நாள் தள்ளிப்போனது.

அன்றைக்கு மதியமே நடந்து போய் வாங்கியதுதான் இந்த ஆங்கில-இத்தாலிய அகராதி. சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட் 1985 தீ விபத்தில் போன பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின, இன்றைக்கும் பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு அது மூர் மார்க்கெட்தான். "இத்தாலியன் டிக்‌ஷனரி இருக்கா அண்ணா?" என்று கேட்டதும், "ஃப்ரெஞ்சு, ஜெர்மன் நிறைய வரும்மா, இத்தாலியன் எப்பவாவதுதான், இரு பார்க்கிறேன்" என்று கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அடுக்கில் இரண்டாவது வரிசைக்குப் பின்னால் கை விட்டு எடுத்துத் தந்தார். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. 250 சொன்னார், 180-க்குக் கொடுத்தார். யாரோ காலிகோ துணி போட்டு பைண்டிங் செய்து வைத்திருந்த புத்தகம். முன்பக்கத் தாள்கள் இல்லாததால் பதிப்பகம் எது என்று சொல்ல வழியில்லை.

முதலில் திறந்தது சர்க்கிள் இருக்கும் பக்கத்தைத்தான். அரை விரல் நீளத்துக்கு ஒரே பத்தி, பொடி எழுத்து. ஆனால் ஒவ்வொரு இத்தாலியச் சொல்லுக்கும் முன்னால் சாய்வெழுத்தில் ஒரு சொல் நிற்கிறது பாருங்கள், அதற்குத்தான் காசு. வடிவம் என்று போட்டு செர்க்கியோ. சங்கம் என்று போட்டு சிர்க்கோலோ, நம் ஊரில் மன்றம் என்போமே, அது. நண்பர்கள் என்று போட்டு செர்க்கியா. அப்புறம் தியேட்டர் என்ற குறிப்போடு கல்லெரீயா, அதாவது பால்கனி. விஷச் சுழல் என்கிறோமே, ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பித் திரும்ப அங்கேயே வந்து நிற்பது, அதற்கும் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மறுபடி சிர்க்கோலோ. அந்த ஒரு சாய்வெழுத்துச் சொல் ஆப்பில் இருந்திருந்தால் எனக்கு அந்த இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

செர்க்கியாவை நண்பர் வட்டம் என்று மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. ஊரைச் சுற்றி நிற்கும் கோட்டை மதிலும் செர்க்கியாதான், மிலானில் பழைய கால்வாய் நகரைச் சுற்றி ஓடிய பாதைக்கு இன்றும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. சூழ்ந்து நிற்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் 'சூழ்ந்தது' என்று எழுதி வைத்துக்கொண்டேன், அதன் பிறகு குழப்பம் வரவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது கண்ணுக்குக் கீழே விழும் கருவளையம். தமிழில் வளையம், ஆங்கிலத்தில் சர்க்கிள், இத்தாலியத்தில் ஒக்கியாயே, அதில் வட்டமே கிடையாது, கண் என்று பொருள்படும் ஒக்கியோவிலிருந்து வந்த சொல்.

குறை இல்லாமல் இல்லை. கணிதம் என்ற குறிப்புக்கு எதிரே செர்க்கியோ, சிர்க்கொன்ஃபெரென்ட்ஸா என்று இரண்டையும் கமா போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அங்கே பள்ளிக்கூடக் கணக்கில் காம்பஸ் வைத்து இழுக்கிற கோடு சிர்க்கொன்ஃபெரென்ட்ஸா, அந்தக் கோட்டுக்குள் அடங்கிய பரப்புதான் செர்க்கியோ. பேச்சில் கோட்டையும் செர்க்கியோ என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் எங்கள் வேலையில் டை என்கிற வெட்டும் அச்சில் வெட்டி எடுத்த துண்டும் அதன் ஓரத்தில் ஓடும் தையலும் வேறுவேறு, அதை எழுதித்தானே ஆக வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்றும் இந்த அகராதி காட்டுவதில்லை. சிர்க்கோலோவில் முதல் அசையைத்தான் அழுத்த வேண்டும், அது இதைப் பார்த்துத் தெரியாது. போனில் பேசுகிறவர்களுக்கு இது பெரிய குறை.

ரிங், அதாவது வளையம், இருக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது. விரல் மோதிரமும் பையில் கைப்பிடி மாட்டும் உலோக வளையமும் அனெல்லோ, கல்யாண மோதிரத்துக்கு மட்டும் தனியாக ஃபேதே, அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்றும் பொருள். போன் மணி ஸ்குவீல்லோ. எங்கள் டி வடிவ வளையத்துக்கு மெட்ஸோ அனெல்லோ என்பார்கள், அரை வளையம் என்று அர்த்தம், ஆனால் இந்த அகராதியில் அது கிடையாது, தொழில் சொல் தேடுகிறவர்கள் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர், தபால் துறையின் தமிழ்நாடு சர்க்கிள் மாதிரி நம் ஊர்ப் பயன்பாடுகளை இதில் தேட வேண்டாம். வட்டாட்சியரில் இருக்கிற வட்டம் நமக்குப் பழகிப்போனது, அவர்களுக்கு அப்படியே எடுத்துக் கொடுக்க முடியாது. என்ன அலுவலகம், என்ன வேலை என்று விளக்கித்தான் எழுத வேண்டும்.

இத்தாலியம் படிக்கிறவர்கள், அங்கே மேல்படிப்புக்குப் போகிறவர்கள், எங்களைப் போல் தோல் வியாபாரத்தில் இருப்பவர்கள், ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே இப்படி ஒரு அச்சு அகராதியும் மேசையில் இருக்கட்டும், எந்தப் பதிப்பானாலும் அந்தச் சாய்வெழுத்துக் குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கடையில் கூச்சப்படாமல் நின்று நிதானமாகப் புரட்டிப் பாருங்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நான் அவசரத்தில் எடுத்து வந்துவிட்டேன், எஸ் எழுத்தில் நான்கு பக்கம் இல்லை.